தேமலை மறைக்காதீர்! தோழனைத் தள்ளாதீர்!



பெருவியாதி முன்வினையால் வருவதல்ல, கிருமியால் வருவது. நார்வே டாக்டர் ஹான்சன் 1873-லேயே அந்தக் கிருமியைக் கண்டார். இன்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் நோய் தீரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம்.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே இறக்கிவிட்டோம் என்று 2005 டிசம்பர்க் கணக்கைக் காட்டி மத்திய சர்க்கார் அறிவித்தது. ஆனால் இன்றும் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக நோய் தெரிகிறது.

ஏன்? கோவை ஆலைத் தொழிலாளியும், பிழைப்புத் தேடித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்தவரும், தோட்டத்துக் கூலியாளும் உணர்ச்சியற்ற தேமலைக் காட்டப் பயப்படுகிறார்கள். காட்டினால் வேலை போகும்! மறைத்தாலோ நரம்பு கெட்டு விரல் மடங்கும். பிறகு அறுந்த நூலை முடியவும் முடியாது, களை பிடுங்கவும் முடியாது.

வழி நம் மாநிலத்திலேயே உண்டு. 1955-ல் செங்கற்பட்டு ஜில்லா போலம்பாக்கத்தில் பெல்ஜிய டாக்டர் ஹெமரிக்ஸ் நோயாளிகளை ஒதுக்கி அடைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார்.

நம் சங்கங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஆலை வாசலிலும் தோட்டத்திலும் சோதனை, சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி, நோயைச் சொல்லி வேலைநீக்கம் கூடாது. மருந்து தொடங்கினால் தொற்று விரைவில் அடங்கிவிடுகிறது. பிறகு விலக்க என்ன நியாயம்?

நோயாளிகளை ஒதுக்கிய 1898-ம் வருஷச் சட்டம் 2016-ல் ரத்தாகிவிட்டது. நம் மனத்திலுள்ள சட்டத்தை நாம்தான் ரத்துச் செய்ய வேண்டும்!