சந்தனமும் ஆய்வுக்கூடமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மண்டபத்தின் வாயிலில் சந்தனம் தந்து நம்மை வரவேற்றனர். அம்மணம் கையில் இருக்கும்போதே அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

சந்தன மரத்தின் மணம் இலையிலோ பட்டையிலோ இல்லை, வயிரத்தில் உள்ளது. வயிரம் நன்கு முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். வேரிலும் எண்ணெய் உண்டாதலின் மரத்தை வேரோடு அகழ்கின்றனர். மணத்திற்கு மரத்தின் உயிரே விலை! சவ்வாது மலையிலும் சத்தியமங்கலக் காட்டிலும் இவ்விலையைக் கள்வர்களும் கொடுக்கச் செய்தனர்.

மரம் அம்மணத்தை எங்ஙனம் ஆக்குகிறது? நொதிகள் என்னும் புரதங்களே அதன் கைவினைஞர்கள். 15 கரியணுக்கள் கொண்ட மூலப்பொருளை ஒரு நொதி மடித்து வளையங்களாக்கிச் சாண்டலீன் செய்கிறது. மற்றொரு நொதி அதில் ஆக்சிஜனை ஏற்றிச் சாண்டலால் ஆக்குகிறது. நாம் நுகரும் மணத்தின் உயிர்நாடி அதுவே.

நம் புனே நகரில், பாஷாண் சாலையில், 1950ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தை நாம் அறிவோம். அங்குள்ள அறிஞர்கள் சந்தனத்தின் இத்தகைய நொதிகளுக்குரிய ஐந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் தொழிலை ஆராய்ந்து, 2015இல் வெளியிட்டனர். நொதியின் அமினோ அமிலங்களில் ஒன்றிரண்டை மாற்றினால், அது செய்யும் பொருளும் மாறக்கூடும். இக்கலையால் சர்க்கரையை உண்ணும் நுண்ணுயிரே சாண்டலாலை ஆக்கித் தருமாறு செய்யலாம். வெளிநாட்டில் இது வாணிகமாகவும் வந்துவிட்டது.

காடு பிழைக்கும் என மகிழ்கிறோம். ஆயினும் ஒரு கவலையும் எழுகிறது. சந்தனக் கன்று நட்டுப் பல்லாண்டு காத்திருக்கும் உழவர் என் செய்வார்? மரத்தின் கலையைக் கற்றவர், மரத்தைக் காத்தவர்க்குப் பங்கு தர வேண்டாவா?

அப்பங்கிற்கு 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் வழி வகுத்துள்ளது. ஆனால் சட்டம் தானே பேசாது. அறிந்தவர் பேச வேண்டும். மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை தந்தனர். நம் பாட்டிமார் அறிந்த செய்தி அன்றோ அது! இவ்வாய்வுக்கூடத்தின் தாய்க் கழகமாகிய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் சான்றுகளுடன் எதிர்த்தது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

ஆகவே, பெற்றோர்களே, நம் பிள்ளைகள் இரசாயனத்தைத் தேர்வுக்காக மட்டும் பயிலாதிருக்கட்டும். மணத்தை ஆக்கும் திறனும், மரத்தை நட்டவரை மறவாத நெஞ்சும் அவர்களுக்கு ஒருங்கே வாய்க்கட்டும்.