வாழ்க்கைத் தொழிலைத் தெரிந்துகொள்ளல்

(பங்கு இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பரீட்சை முடிவுகள் வந்ததும், "சாமி, பிள்ளையை எதிலே சேர்க்கலாம்?" என்று பலர் கேட்டு வருகிறீர்கள். கேட்பது தாயோ தகப்பனோதான். பிள்ளை வாசற்படியிலே தலைகுனிந்து நிற்கும். அந்தப் பிள்ளையோடுதான் இன்று பேச விரும்புகிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படித்தான் என்பது நீயும் அதைப் படிக்கக் காரணமாகாது. உன் கை எதிலே ஓடுகிறது என்று பார். புனித சின்னப்பர் வேதம் போதித்துக்கொண்டே கொரிந்து நகரிலே கூடாரம் செய்து பிழைத்தார். பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளை உழைப்பாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அப்படியிருக்க, ஐ.டி.ஐ. என்றால் மட்டும் நமக்கு ஏனோ முகம் சுருங்குகிறது! பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமா முடித்தவன் அதேபோல் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். 1961-ஆம் வருடத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நர்சிங் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் நர்சிங் பள்ளியல்ல. ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லிக் கொடுக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது. பதியாதவள் நர்ஸ் ஆகமாட்டாள். தோட்டத்திலே கூலி வேலை செய்து, தோட்டை அடகு வைத்துக் கட்டிய பணம் இப்படிப் போனால் அந்தக் குடும்பம் எழுந்திருக்க எத்தனை வருடம் ஆகும்! பணம் கட்டுமுன் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவர்களிடம் சேராதீர்கள்.

பாங்கிக் கடனிலும் கவனம் வேண்டும். தவணை படிப்பு முடிந்தபின் தொடங்கினாலும், வட்டி பெரும்பாலும் படிக்கும்போதே ஏறத் தொடங்கிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மானேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலையிலிருந்து இறங்கினால்தான் முன்னேற்றம் என்று இங்கே ஓர் எண்ணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காலந்தொட்டு நம் சேர்வராயன் மலையில் காப்பி விளைகிறது. பழம் பறிக்கும் கைகள் நம்முடையவை. ஆனால் காப்பியைச் சுவைத்துத் தரம் பிரிக்கிற உத்தியோகம் ஒன்று உண்டென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குக் காப்பி போர்டு பெங்களூரிலே பட்டமேற்படிப்பு டிப்ளமா நடத்தி வந்திருக்கிறது. தோட்டக்கலை படிப்பும் உண்டு. ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்து வாருங்கள்.

குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ வர விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறு வழியில்லை என்பதற்காக வராதீர்கள். வேறு வேலை கிடைத்தாலும் இதையே விரும்புவேன் என்கிறவர்கள் வந்து என்னைப் பாருங்கள்.

மற்றவர்கள் மதிப்பெண் பட்டியலோடும், சேர நினைக்கிற கல்லூரியின் விண்ணப்பத்தோடும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் வாருங்கள். பிள்ளையையும் உள்ளே அழைத்து வாருங்கள்.