மடிக்கணினியும் அதன் வெப்பமும்

 

2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் தெருக்களில் பல வீடுகளுக்கு வந்த முதற் கணினி அதுவேயாகும். அவற்றுள் சில, கோடையில் தாமாகவே அணைந்துபோயின. கெட்டுவிட்டதென்று எண்ணிப் பரண்மேல் வைத்தவர் உண்டு. என் மாணவி ஒருத்தி தன் கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுசென்றபோது, "உங்களுக்கு இதையெல்லாம் வைத்துக்கொள்ளத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டாராம். அக்கேள்விக்கு விடை கூறவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

கணினியின் மூளை போன்ற செயலி, தான் பெறும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதையும் வெப்பமாக வெளியிடுகின்றது. செயலியின்மீது ஒரு செப்புத் தகடும், அதனோடு இணைந்த செப்புக் குழாயும் உள்ளன. காற்று நீக்கப்பட்ட அக்குழாயினுள் சிறிதளவு நீர் உண்டு. இட்லிப் பானையில் நீராவி எழுந்து, மூடியில் பட்டுத் துளியாகித் திரும்பவும் கீழே விழுகின்றதன்றோ? அவ்வாறே குழாயின் சூடான முனையில் நீர் ஆவியாகி, மறுமுனையில் வெப்பத்தை விடுத்து நீராகின்றது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், குழாயின் உட்சுவர் அந்நீரைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றது. 1963 இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய இக்குழாய், பின்னர் செயற்கைக்கோள்களிலும் பயன்பட்டது.

மறுமுனையில் அடுக்கிய மெல்லிய தகடுகளினூடே சிறு விசிறி காற்றைச் செலுத்தி, வெப்பத்தை வெளியேற்றுகின்றது. ஆயினும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாகக் கணினியை ஆக்க அவ்விசிறியால் இயலாது. தகரக் கூரையின்கீழ், சித்திரை நண்பகலில் அது திணறுவது இயல்பே. செயலியின் வெப்பம் 100 டிகிரி செல்சியசை நெருங்கினால் வேகம் குறையும். மேலும் ஏறினால் கணினி அணைந்துவிடும். அது தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடேயாகும்.

ஆகவே இளைஞர்களே, கணினியை மெத்தைமீதோ தலையணைமீதோ வைக்காதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். பலகைமீது வையுங்கள். கடும் வேலைகளை விடியற்காலையில் செய்யுங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் உள்ளே படிந்த புழுதியை அகற்றச் செய்யுங்கள். செயலிக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருந்தால் புதிதாக இடச் சொல்லுங்கள்.

அம்மாணவியின் கணினியில் இருந்த குறை யாது? தகடுகளில் அடைந்திருந்த நம் ஊர்ச் செம்மண் புழுதியே! அதை நீக்கியதும் கணினி இயங்கிற்று. அவள் கல்லூரிப் படிப்பு முடியும்வரை உழைத்தது. தெரியாமை எவருக்கும் பிறப்பினால் வருவதன்று. சொல்லித்தர ஆளில்லாமையால் வருவது. இன்று அறிந்ததை நாளை மாலை உங்கள் தெருவில் இருவருக்கேனும் சொல்லுங்கள்.