பதினைந்தாவது தீர்மானம்

(பாளையங்கோட்டையில் மாணவர் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருந்தீங்க. கவிதை இன்னொரு நாளைக்கு. இன்னைக்கு ஒரு சட்டத்தப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன்.

1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம். நம்ம பக்கத்துல இந்தப் பேரச் சொன்னா கைரேகையும் போலீஸ் கச்சேரியும்தான் ஞாபகம் வரும். பின்னர் 1911 சட்டமாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது, 1920இல் பெருங்காமநல்லூரில் ரத்தம் சிந்தவைத்தது, 1947இல் இங்கே ஒழிந்தது. எல்லாம் மேடை மேடையாகப் பேசியாயிற்று. ஆனால் அந்த 1871 சட்டத்தின் தலைப்பை யாரும் முழுசா வாசிக்கிறதில்ல. குற்றப் பரம்பரையினரையும் ‘அலிகளையும்’ பதிவு செய்வதற்கான சட்டம் என்பது அதன் பொருள். (அந்தச் சொல் சட்டத்தின் வாயிலிருந்து வருவது. என் வாயிலிருந்து இந்த ஒரு தடவைதான்.)

அதன் இரண்டாம் பகுதி வடமேற்கு மாகாணங்களுக்கும் பஞ்சாபுக்கும் அவத்துக்கும் போடப்பட்டது. போலீஸ் சந்தேகப்பட்டால் பேர், இருப்பிடம், சொத்து எல்லாம் பதிவேட்டில் ஏறும். பதிவான ஆள் பெண்ணுடையிலோ, பெண்ணைப்போல நகை போட்டோ பொதுத் தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றாலும் அதுதான். இரண்டு வருசம் வரை சிறை. பொது இடத்தில் ஆடினாலும் இசை வாசித்தாலும் அதே தண்டனை. 16 வயதுக்குக் குறைந்த பையனை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது. அதாவது தெருவும் கிடையாது, குடும்பமும் கிடையாது.

இதை வாசிக்கும்போது எனக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகள். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. ஒன்று கவர்னர் ஜெனரல் போட்டது, மற்றது ஊர்க்கூட்டம் போட்டது. ரெண்டுக்கும் நகை உறுத்துது, துணி உறுத்துது. உடலை எவன் எப்படிக் காட்டணும்னு முடிவு பண்ணுகிற அதிகாரம் கைவிட்டுப் போயிரக் கூடாது. அவ்வளவுதான்.

பழங்கதைன்னு தள்ளிர வேண்டாம். நிஜாமின் ஐதராபாத் 1919இல் இதே மாதிரிச் சட்டம் போட்டது. அதைத் தெலங்கானா உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2023இல். கர்நாடகா 2011இல், சுதந்திர இந்தியாவில், திருநங்கைகளுக்குப் பதிவேடு வைக்கும் பிரிவைப் போலீஸ் சட்டத்தில் புதிதாகச் சேர்த்தது!

தேர்தலுக்கு வருவோம். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை 1997இல் மேலவளவு காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் கட்னி நகர மக்கள் கமலா ஜான் என்ற திருநங்கையை மேயராக்கினார்கள். அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி, இவர் சட்டப்படி ஆண் என்று சொல்லி நீதிமன்றம் தேர்தலையே செல்லாமல் ஆக்கிவிட்டது. மேலவளவில் வெட்டரிவாள் செய்த வேலையைக் கட்னியில் காகிதம் செய்தது. ஜனங்க ஓட்டு போட்டாங்களே, அதுக்கு என்ன மரியாதை?

2014இல் உச்சநீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்றது. 2019 சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நாம் மனுக் கொடுக்கப் போய் 17 உயிரை ஆற்றில் கொடுத்தோமே, அதே கொக்கிரகுளம் ஆபீஸ் வாசலில் போய் நின்று ‘நான் பெண்’ என்று ஒருத்தி மனுப்போட வேண்டுமாம். அதே சட்டத்தில், திருநங்கையைப் பாலியல் வன்முறை செய்தவனுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு. மற்ற பெண் என்றால் வல்லுறவுக்கு அன்றைய தண்டனைச் சட்டப்படி குறைந்தது பத்தாண்டு. சேரிப் பெண்ணின் உடலுக்கு ஊர் ஒரு ரேட் வைத்திருக்கிறது இல்லையா, அதைப்போல இது சட்டம் வைத்த ரேட்.

இப்ப நம்ம விஷயம். நான் பேங்க் கவுண்டர்ல உக்காருதவன். 2015 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு படிவங்களில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது. போன வருசம் ஒரு அக்கா கணக்குத் தொடங்க வந்து வரிசையில் நின்னாவ. பின்னால நின்ன ஆள், “ஒம்போது கூடல்லாம் வரிசையில நிக்க வேண்டியிருக்கு”ன்னாரு. அந்த ஆள் நம்ம தெரு. டீக்கடையில் ரெட்டைக் கிளாஸை உடைச்ச போராட்டத்தில் முன்னால நின்னவரு. அந்த அக்காவும் நம்ம சாதிதான், இன்னொரு ஊரு. இது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன மாறியிருக்கும்னு எனக்குச் சந்தேகம்.

2015இல் தமிழக அரசு, சாதிச் சான்றிதழ் இல்லாத திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோரில் சேர்த்தது. சான்றிதழைக் காட்டும் தலித் திருநங்கை பட்டியல் சாதிக்குள் போட்டியிடலாம், ஆனால் அங்கே திருநங்கை என்பதற்குத் தனி இடமில்லை. ஒரே உடம்புல ரெண்டு ஒடுக்குமுறை, அரசாங்கமோ ஒண்ணத் தேர்ந்தெடுன்னு சொல்லுது. தூத்துக்குடி மாவட்டத்துத் தோழர் கிரேஸ் பானு கேட்டுவருவது கிடைமட்ட இடஒதுக்கீடு: பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ளதுபோல ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் திருநங்கை, திருநம்பிக்கு இடம். கர்நாடகா 2021இல் அரசு வேலைகளில் ஒரு சதவீதம் அப்படிக் கொடுத்தது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றமும் பாலினத்தைச் சாதியாக நடத்திய அந்த அரசாணையை ரத்து செய்தது.

‘நம்ம பங்குல கை வைக்காங்க’ன்னு முணுமுணுப்பு கேக்குது. பட்டியல் சாதிக்குள் வரும் இடத்தில் உட்காரப்போகிறவள் பட்டியல் சாதிக்காரி. நம்ம வீட்ல பிறந்து, நம்ம வீட்ல அடிவாங்கி, பதினஞ்சு வயசுல பஸ் ஏறிப் போன பிள்ளை. யாரு பங்குல யாரு கை வைக்கா?

அடுத்த மாத மாநாட்டுக்கான தீர்மான நகல் என் கையில் இருக்கிறது. பதினாலு தீர்மானம், இதப் பத்தி ஒரு வரி இல்ல. பதினைந்தாவதை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கேன். கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும். வரும் உள்ளாட்சித் தேர்தலில் நாம் நிறுத்தும் வேட்பாளர்களில் ஒருவராவது திருநங்கையாக இருக்க வேண்டும். ரெண்டே வரி. ஆட்சேபணை உள்ளவங்க வெளியே டீக்கடையில வச்சுச் சொல்லாம, இங்க எந்திரிச்சு நின்னு சொல்லுங்க.