விளிம்பும் ஒலியும்

பெங்களூர்ச் சாமராஜப்பேட்டையில் ஸ்ரீராமசேவா மண்டலியார் 1939-ஆம் ஆண்டு தொடங்கிய இராமநவமி இசைவிழாவை நம்மில் பலர் அறிவர். கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் பாடகரின் குரல் கடைசி வரிசையையும் சென்றடைய வேண்டுமாயின் ஒலிபெருக்கி இன்றியமையாதது. அக்குரல் தெளிவுற ஒலிப்பதும் கரகரப்பதும் ஒலிபெருக்கியினுள் மறைந்திருக்கும் ஒரு மெல்லிய விளிம்பைப் பெரிதும் பொறுத்தவை.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், 1933-இல் இந்நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை, தோலின் மேல்நாதங்களைச் சுருதிக்கு இசைவாக ஒழுங்குபடுத்துவதை அவர் விளக்கிக் காட்டினார். அந்த வலந்தலையின் விளிம்பைச் சுற்றி மீட்டுத்தோல் இருப்பதையும் காண்கிறோம். அதிரும் பொருளை அதன் விளிம்பில் எப்படிப் பிடிக்கிறோம் என்பது நாதத்தை மாற்றிவிடும்.

கூம்பு ஒலிபெருக்கியின் இயக்கியிலும் இதே நியதிதான். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள் அசைகிறது. அதனுடன் ஒட்டிய கவிகை வடிவத் தகடு காற்றை நெருக்கிக் கூம்பின் தொண்டைக்குள் செலுத்துகிறது. தகட்டைச் சட்டத்துடன் இணைக்கும் மடிப்புள்ள விளிம்பு, தகடு நேராக அசைய இடந்தரவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை இருந்த இடத்திற்கு மீட்கவும் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வென்ட், துராஸ் என்போர் 1928-இல் விவரித்த இயக்கியில் தகடு அலுமினியக் கலவையால் ஆனது. உலோக விளிம்பு இலேசானது. உச்ச ஒலிகளை நன்கு எழுப்பும். ஆயினும் அதிர்வை உள்ளடக்கும் தன்மை அதற்குக் குறைவு. ஆதலால் சில சுருதிகளில் தானே கணீரென ஒலித்துக் காதை உறுத்தும். பலகாலம் வளைந்து நெளிந்தால் அலுமினியம் களைத்து வெடிக்கும். டைட்டானியம் அதனினும் நெடுநாள் தாங்கும். பிசின் ஊட்டிய துணி விளிம்போ அதிர்வைத் தன்னுள்ளே தணித்துவிடும். உச்ச ஒலி சற்று மங்கினாலும் பேச்சு உறுத்தாது, உழைப்பும் மிகுதி. அறிவிப்புக் கூம்புகளுக்கு அது ஏற்றது. பாலியெஸ்டர் படல விளிம்பு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதற்குப் பசையே உயிர்நிலை.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. பழுதான தகட்டை மாற்றுங்கால், அளவு பொருந்தினாற் போதும் என்று எண்ணுதல் தவறு. விளிம்பின் விறைப்பு மாறினால் தகட்டின் இயற்கை அதிர்வெண்ணும் மாறும். ஒரே பந்தலில் இரண்டு கூம்புகள் இரு வேறு குரலிற் பேசும். மேலும், கூம்பு நன்கு இயங்கும் எல்லைக்குள்ளேயே, சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால் அதே ஒலியைத் தரத் தகடு இருமடங்கு அசைய வேண்டும். அந்த எல்லைக்கும் கீழே காற்றின் தாங்கல் குன்றிவிடுவதால் அசைவு இன்னும் பெருகும். தாழ்ந்த ஒலிகளை வடிகட்டாது செலுத்தினால் விளிம்பு கிழிவது திண்ணம்.

ஒலி தெளிவாக இல்லாதபோது அதன் அளவைக் கூட்டுவது நம் வழக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டுள்ளன. பிற மாநிலத்தில் பல மொழியினர் நடுவே விழா எடுக்கும் நம் சங்கத்தார் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். தக்க விளிம்புள்ள கூம்பைத் தேர்ந்தால், குறைந்த ஒலியிலேயே தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் விளங்கும்; அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது.