அடுக்கு டாஃபோடில்: பூவும் வேணும், வாசமும் வேணும்

இன்னைக்கு அடுக்கு டாஃபோடில். நம்ம அடுக்கு மல்லி, அடுக்கு செம்பருத்தி மாதிரிதான். ஒத்தை இதழ் வரிசைக்குப் பதிலா, நடுவுல இதழா நெருக்கிக்கிட்டு இருக்கும். பிரிட்டன்ல டாஃபோடில்களை 13 பிரிவா வெச்சிருக்காங்க, இது 4-வது.

அடுக்குன்னாலே வாசம் இருக்கும்னு நினைச்சு, பாக்கெட் மேல இருக்கிற படத்தைப் பார்த்து வாங்கிடாதீங்க. படம் மணக்காது! பெயரைப் பார்த்து வாங்குங்க. ‘சியர்ஃபுல்னஸ்’, ‘பிரைடல் கிரௌன்’, ‘சர் வின்ஸ்டன் சர்ச்சில்’, இந்த மூணையும் நம்பி வாங்கலாம். ஒரு காம்புலயே சில பூக்கள் கொத்தா வரும். என் ஓட்டு சியர்ஃபுல்னஸுக்கு.

லண்டன் பக்கம் இருக்கிறவங்க செப்டம்பர், அக்டோபர்ல நடுங்க. கிழங்கு எவ்வளவு உயரமோ, அதைப்போல ரெண்டு மூணு மடங்கு ஆழம். தொட்டின்னா அடியில ஓட்டை கட்டாயம். சென்னைவாசிகள் மன்னிக்கணும். இது பூக்க வாரக்கணக்குல நல்ல குளிர் வேணும், நம்ம மார்கழிப் பனியெல்லாம் பத்தாது.

நட்டவங்க மனசு உடையறது பின்னாடிதான். மொட்டு வரும், விரியாது. அப்படியே காகிதம் மாதிரி காஞ்சு நிக்கும். வசந்தத்துல மண் வறண்டா அடுக்கு வகைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அதனால மொட்டு வர்ற சமயத்துல மழை இல்லைன்னா தண்ணி ஊத்துங்க.

இன்னொண்ணு, முதல் வருஷம் அமோகமா பூத்துட்டு அடுத்த வருஷம் வெறும் இலை. பூ முடிஞ்சதும் இலை சரிஞ்சு பார்க்க அசிங்கமா இருக்கும். உடனே கத்தரிப்பாங்க, இல்லைன்னா ஜடை மாதிரி முடிச்சுப் போடுவாங்க. ரெண்டும் வேண்டாம். அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாட்டை கிழங்குக்குள்ள சேர்க்கிறது அந்த இலைதான். வாடின பூவை மட்டும் கிள்ளிட்டு, குறைஞ்சது 6 வாரம் இலையை விட்டுவைங்க. தோட்டத்தைப் பங்குபோடுற ஹவுஸ்மேட் முறைச்சாலும் பரவாயில்லை.

கிழங்கு பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனா விஷம். சமையலறைப் பக்கம் வைக்காதீங்க.

அடுக்குப் பூவுக்குத் தலை கனம், மழையில சாஞ்சிடும். சாஞ்சதை வெட்டி ஜாடியில வைங்க, அறையே மணக்கும். ஆனா காம்புல வடியற பால் டூலிப் மாதிரி மத்த பூக்களைச் சீக்கிரம் வாட வெச்சிடும். சில மணி நேரம் தனித் தண்ணியில வெச்சிட்டு, காம்பைத் திரும்ப வெட்டாம மத்த பூக்களோட சேர்த்துக்கோங்க.