பழத்தட்டை எப்போது வெட்டுவது?

 

நோன்பு திறக்கும் பழத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ளுஹர் முடிந்ததும் கிர்ணியும் தர்பூசணியும் வெட்டி, மஃரிப் வரை அப்படியே வைத்திருப்பது நம் வழக்கம். இந்த ரமலானில் அதை மாற்ற நினைக்கிறோம்.

2011இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையிலிருந்து போன கிர்ணிப்பழத்தால் 147 பேர் நோயுற்றார்கள். 33 பேர் இறந்துபோனார்கள். காரணம், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. பழங்களைக் கழுவி அடுக்கிய கூடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இயந்திரங்களைச் சுத்தம் செய்வதும் கடினமாக இருந்தது. நாம் தோலைத் தின்பதில்லையே என்று தோன்றும். ஆனால் சொரசொரப்பான தோலில் ஒட்டிய கிருமியைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும். நிறத்திலோ ருசியிலோ எதுவும் தெரியாது.

ஃபிரிட்ஜை நம்பவும் வழியில்லை. லிஸ்டீரியா குளிரிலும் மெல்ல வளரும். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், வயிற்றுப் பிள்ளையை இழக்கவும் நேரலாம். நம் தட்டு அவர்கள் வீட்டுக்கும் போகிறதே!

முழுப்பழத்தை ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு வெட்டுவோம். சோப்பு வேண்டாம். கறி வெட்டிய பலகை கூடவே கூடாது. வெட்டிய பழம் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடும் வெயிலில் 1 மணி நேரம்தான்.

ஆகவே மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்புதான் வெட்டத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். அதற்குக் கைகள் நிறைய வேண்டும். வர முடிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.